தடைக்கு உள்ளே நின்ற வண்டி

தீபத்துக்கு இரண்டு நாள் இருந்தது. திருவண்ணாமலையில் இருந்த லாரிகள் எல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தடை. அதற்குப் பிறகு ஐந்து நாளைக்குக் கனரக வண்டி எதுவும் ஊருக்குள் வர முடியாது, உள்ளே சிக்கியது வெளியே போகவும் முடியாது. அந்த நேரம் பார்த்து அனந்த் தன் நாற்பது அடி டிரெய்லரைக் காலியாக ஊருக்குள் ஓட்டிவந்து, அவலூர்பேட்டை ரோட்டில் ஓர் அரிசி ஆலை வளாகத்தில் நிறுத்தினான். பதினொரு வருஷம் அந்த ஆலைக்கு மூட்டை ஏற்றியவன் என்பதால் இடம் கொடுத்தார்கள்.

லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் வல்லரசு போனில் பிடித்தான். ஓசூருக்குக் கூரை ஓடு லோடு ஒன்று வைத்திருந்தான். அனந்த் வேண்டாம் என்றதும் சிரித்தான்.

“இன்னா நைனாரே, நீயும் மலை சுத்தப் போறியா?”

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் சமணக் குடும்பம் அனந்துடையது. அதனால் டிரைவர்களுக்கு அவன் நைனார்.

“ஆமா,” என்றான் அனந்த். “வண்டியோட சுத்தப் போறேன்.”

வல்லரசு அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். ஒரு மணி நேரத்தில் பலராமனிடமிருந்து போன் வந்தது.

டிரெய்லர் பலராமனுடையது. அனந்த் அதை லீசுக்கு எடுத்து மூன்று மாதம் ஆகிறது. மாதம் பிறந்தால் பேசிய தொகையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதில் மாற்றம் இல்லை. டீசல், டயர், சுங்கம் எல்லாம் அனந்த் பாடு. முதல் இரண்டு மாதமும் அந்தத் தொகையைக் கட்டவே மூச்சு முட்டியது. இந்த மாதமும் இழுத்தால் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்.

“ஓடுற வண்டிய எதுக்குடா கொண்டு போயி அடச்சு வெச்சிருக்கற?”

“ஒரு லோடு பாத்து வெச்சிருக்கேன்ணா.”

“புக்கிங் ஆயிருக்கா?”

“இன்னும் இல்ல.”

முப்பதாம் தேதி ஷெட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் பலராமன் போனை வைத்துவிட்டார்.

மூட்டை ஏற்றும் லாரியை விட்டு அனந்த் டிரெய்லருக்கு வந்ததற்குக் காரணம் எளிது. மூட்டை ஏற்றித் தார்ப்பாய் போட்டுவிட்டால் எவனும் ஓட்டலாம். ஒரு லோடுக்கு ஐம்பது லாரி நிற்கும். அதில் எவன் குறைத்துச் சொல்கிறானோ அவனுக்கு லோடு. டிரெய்லரில் அப்படி இல்லை. இரும்பு, கல், மெஷின் என்று வருவது எல்லாம் கனம். கட்டத் தெரிந்தவன் கம்மி. ஆனால் புதிதாக வந்தவனை நம்பி நல்ல லோடு தர எந்த ஆபீசும் தயாராக இல்லை. மற்றவர்கள் தள்ளிவிட்டதுதான் அவனுக்கு வந்தது.

முதல் லோடே குழாய். மூட்டை கட்டிய பழக்கத்தில் மேலே குறுக்காக நான்கு கயிற்றைப் போட்டு முறுக்கிவிட்டான். வெளிப்பக்கக் குழாய்கள் இறுகின. நடுவில் இருந்தவற்றை எதுவும் பிடிக்கவில்லை. செங்கத்துக்கு முன்னால் மாடு குறுக்கே வர, பிரேக் அடித்தான். நடுக்குழாய்கள் மட்டும் உருவிக்கொண்டு வந்து கேபின் முதுகில் இடித்தன. தகரம் மூன்று இடத்தில் ஒடுங்கியது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் அவன் முதுகும் சேர்ந்து ஒடுங்கியிருக்கும். அன்றைக்கே பலராமனிடம் போய் அவனே சொன்னான். பிறகு ஒரு மாதம், லோடு இல்லாத நாளில், ஓசூர்ப் பக்கம் பழைய டிரைவர்கள் ஏற்றும் இடங்களில் போய் நின்று பார்த்தான். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டான்.

ஊருக்குள் வண்டியை அடைக்கும் யோசனை போன தீபத்தில் வந்தது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட இரும்புத் தடுப்புகளும் குழாய்களும் தற்காலிகப் பஸ் ஸ்டாண்டின் தகரக் கொட்டகைகளும் திருவிழா முடிந்தபிறகு நான்கு நாள் ரோட்டோரம் குவிந்து கிடந்ததை அவன் பார்த்தான். அள்ள வண்டி வரவில்லை. வர வேண்டிய டிரெய்லர்கள், திரும்பிப் போகும் பஸ்கள் ரோட்டை அடைத்ததால் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நின்றன. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காண்ட்ராக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அதே ஆள் வந்து வேட்டவலம் ரோட்டில் குழாய் நட்டுக்கொண்டிருந்தபோது அனந்த் நேரில் போய்ப் பேசினான். பெயர் அறிவுச்செல்வன், திருச்சிக்காரர். உங்கள் இரும்பைப் பிரிக்கும் அன்றைக்கு என் வண்டி ஊருக்குள் இருக்கும் என்றான். எல்லா டிரெய்லர்காரனும் அப்படித்தான் சொல்கிறான் என்றார் அவர். நம்பரைக்கூட வாங்கவில்லை. வண்டியோடு நின்றால் பேசலாம் என்பது மட்டும்தான் வந்த பதில்.

அதை நம்பித்தான் அனந்த் வண்டியை உள்ளே அடைத்தான்.

தீபத்தன்று மாலை ஐந்தரைக்கு, சமண வழக்கப்படி இருட்டுவதற்கு முன்னால், மனைவி சௌம்யா காலையில் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். ஆறு மணிக்கு ஊரே அரோகரா என்று அதிர்ந்தது. ஆலைக் கூரைக்கு மேல், மலை உச்சியில், நெருப்பு தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சங்கிலிகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுக் கண்ணி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான். சௌம்யா போனில் கூப்பிட்டு, அந்த ஆள் கூப்பிட்டாரா என்று கேட்டாள். நம்பரே அவரிடம் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை.

கூட்டம் ஓரளவு வடிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் விடிந்ததும் வேட்டவலம் ரோட்டுக்கு நடந்தே போனான். தடுப்புகளைப் பிரித்து அடுக்கிவிட்டு முப்பது கூலியாட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அறிவுச்செல்வன் போனும் கையுமாக நின்றிருந்தார். அவர் பேசி வைத்த மூன்று டிரெய்லர்களும் ஊருக்கு வெளியே பஸ் நெரிசலில் சிக்கியிருந்தன. தடை நேரத்தில் பொருளை அள்ளப் போலீஸ் கொடுத்த பாஸ் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஒட்டுவதற்குத்தான் வண்டி இல்லை.

அனந்தை அவருக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

“வண்டி எங்க தம்பி?”

“ஊருக்குள்ளதான் சார். இருவது நிமிஷத்துல வரும்.”

பாஸை வாங்கிப் போய்க் கண்ணாடியில் ஒட்டி வண்டியைக் கொண்டுவந்தான். கூலியாட்கள் குழாய்களை வாரி வாரிப் போட்டார்கள். ஓர் அடுக்கு ஏறியதும் அனந்த் கையைக் காட்டி நிறுத்தினான். அப்படியே போடக்கூடாது, இருபது இருபதாகக் கட்டி ஏற்ற வேண்டும், அடுக்குக்கு அடுக்கு கட்டை வைக்க வேண்டும், ஏற்றியதை இறக்குங்கள் என்றான். ஆட்கள் அறிவுச்செல்வனைப் பார்த்தார்கள்.

“ரெண்டு மணி நேரம் போயிடும்,” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. “நாளைக்குக் காலையில ஸ்ரீரங்கத்துல எனக்கு வேலை ஆரம்பிக்கணும். போட்டுக் கட்டுய்யா.”

இந்த லோடு போனால் முப்பதாம் தேதி சாவி போகும். ஆனால் கேபினுக்குள் உட்காரப் போகிறவன் அவன்.

“அவசரம்னா வேற வண்டி பாருங்க சார். எங்கையால கட்டுனா இப்படித்தான் கட்டுவேன்.”

வேறு வண்டி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். லோடு வேண்டும் என்பதையும் அவர் அவன் முகத்தில் பார்த்திருப்பார். ஆட்கள் பக்கம் திரும்பி, இறக்கச் சொன்னார்.

கட்டுக்கட்டாக ஏறியது. முன்பக்கம் ஒரு சங்கிலி குறுக்கே போய் எல்லாக் கட்டுகளையும் சேர்த்து அணைத்தது. கூலியாட்களில் மூத்தவளான ஜோதியம்மாள் மேலே ஏறி நடந்து பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, தரை மாரி கீது,” என்றாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் அனந்த் அதுவரை வாங்கியதில்லை.

இருபது கிலோமீட்டர் தாண்டி நிறுத்தி, தளர்ந்த சங்கிலியை முறுக்கினான். உளுந்தூர்பேட்டையில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட நிறுத்தியபோது இன்னொரு முறை. மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் இறக்கும்போது அறிவுச்செல்வன் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து குழாயாவது வளைந்துதான் வரும். இந்தத் தடவை ஒன்றுகூட இல்லை.

“யார்ட்ட கத்துக்கிட்ட?”

“ஒரு தடவ தப்பாக் கட்டுனேன் சார்.”

அவர் சிரித்தார். பிறகு விரல் மடக்கி ஊர்களைச் சொன்னார். இங்கே ஏகாதசி முடிந்ததும் பழனிக்குத் தைப்பூசம், அதன்பிறகு கும்பகோணம், பங்குனிக்குத் திருவாரூர், சித்திரைக்கு மதுரை, ஆடிக்கு இரண்டு இடம், கார்த்திகைக்கு மறுபடி அண்ணாமலை. அவருடைய இரும்பு வருஷம் முழுக்கத் திருவிழாவுக்குத் திருவிழா நகர்ந்துகொண்டே இருக்கும். இனி அதை அனந்தே ஏற்றிக் கட்ட வேண்டும் என்றார்.

முப்பதாம் தேதி அனந்த் லீஸ் பணத்தோடு பலராமனின் ஷெட்டுக்குப் போனபோது, அறிவுச்செல்வனின் லோடு பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாவியை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, தன் மச்சானை அந்த வண்டியில் போடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். வண்டி என்னுடையது, லோடும் வண்டியோடுதானே வரும் என்றார். அனந்த் வாக்குவாதம் செய்யவில்லை. அறிவுச்செல்வனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தான்.

பலராமன் கேட்டதற்கு அவர் இழுக்காமல் பதில் சொன்னார்.

“வண்டி யாருதா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதாங்க. கட்டுறது அனந்தா இருக்கணும். அவரு வேற வண்டி எடுத்தா லோடு அதுக்குப் போகும்.”

போன் அணைந்தது. பலராமன் சாவியை அனந்த் பக்கமாகத் தள்ளினார்.

“சரி, வெச்சுக்க.”

“சாவி மட்டும் பத்தாதுணா,” என்றான் அனந்த். “ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுங்க.”

பலராமன் நிமிர்ந்து பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலி காலியாக இருந்தும் அனந்தை அவர் உட்காரச் சொல்லவில்லை. இன்றைக்கு அவன் கேட்காமலே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவர் இழுப்பறையைத் திறந்து பேனா தேடினார். கிடைக்கவில்லை. அனந்த் தன் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினான்.