வீட்டுக்காரியின் வழக்கு

வாவிக்கரைச் சேற்றில் வேரூன்றி வெள்ளத்தைத் தாங்கிநின்ற கண்ணாமரங்களை வெட்டி, மண் நிரப்பி விடுதி கட்டப் பிரதேச சபை அனுமதி கொடுத்ததும் முதலில் கொதித்தெழுந்தவன் முத்தலிப்தான். மழை வருடா வருடம் மூர்க்கமாகிக்கொண்டிருந்தது. போன மாரியில் வெள்ளம் வாசற்படியைத் தொட்டுவிட்டது. மரங்களும் போனால் வாவி வீட்டுக்குள்ளேதான்.

"என்ட வீட்ட வாவிக்குக் குடுக்க ஏலா" என்று சட்டத்தரணி யசோதினியிடம் போய்த் தன் பெயரில் வழக்குப் போட்டான்.

மேல் நீதிமன்றத்தில் விடுதிக்காரரின் சட்டத்தரணி எழுந்து, "மனுதாரருக்கு அங்கே வீடே இல்லையே!" என்றார்.

முத்தலிப்பின் முகம் செத்துப்போனது. ஊர் வழக்கப்படி மனைவி ஹிதாயாவுக்கு அவளுடைய வாப்பா சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அது. பெண்வீட்டுக்குக் குடிவந்த எல்லா மாப்பிள்ளைகளையும் போல, 'என்ட வீடு' என்று சொல்லிச் சொல்லியே அவனும் அதை மறந்திருந்தான்.

"வீட்டு உறுதிப்பத்திரம் உங்கட பேரில எண்டுதானே சொன்னீங்க?" என்று பல்லைக் கடித்தாள் யசோதினி.

"நானும் அப்படித்தான் நினைச்சன், மிஸ்."

"அப்போ வீடு யாருடையது?" என்றார் நீதிபதி.

பின்வரிசையிலிருந்து ஹிதாயா எழுந்தாள். "என்ட, ஐயா. அவரும் என்டதான்."

மன்றமே சிரித்தது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளையும் மனுதாரராகச் சேர்க்க அனுமதித்தார். என்ன பயம் என்று அவளிடமே கேட்டார்.

"முந்தி மார்கழித் தண்ணி கண்ணாவுக்குள்ள நிண்டு அடங்கிப் போகும். இப்ப படியில வந்து நிக்குது. மரத்தையும் எடுத்தா மறுகா நாங்க எங்க போறது?"

மாரிக்கு முன்னரே தீர்ப்பு வந்தது. அனுமதி ரத்து. ஏறிவரும் நீரையும் மாறிவரும் மழையையும் கணக்கில் எடுத்துத் திட்டம் வகுக்காமல், அந்தக் கரையில் எங்குமே சபை இனி அனுமதி கொடுக்கக்கூடாது. கரையோரத்து வீடுகள் அத்தனைக்கும் சேர்த்தே நீதிபதி அதை எழுதியிருந்தார்.

யசோதினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹிதாயா அழுதாள். நன்றி சொல்ல வந்த முத்தலிப், கும்பிடுவதா, சலாம் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டான்: "கோவமா புள்ள? உங்கட வீட்ட என்ட எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சதுக்கு?"

"உங்கட எண்டு நினைச்சதாலதானே சண்டைக்குப் போனீங்க" என்றாள் அவள். "சும்மா மாப்பிள்ளையா இருந்திருந்தா, இண்டைக்கு அங்க மண் லொறிதான் நிண்டிருக்கும்."