நான்காம் பாகத்துக் கழுதை

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட, இனி எழுதப்படப் போகிற எந்த நெடுங்காவியத் தொடருக்கும் நடுப்பாகம் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்தவன் நான். முதல் பாகத்தில் புறப்படுகிறார்கள், கடைசிப் பாகத்தில் போய்ச் சேருகிறார்கள். நடுவில் ஆசிரியர் வானிலை அறிக்கை வாசிக்கிறார். ஏழு பாகங்கள் கொண்ட ஈயமலைக் காவியத்தின் நான்காம் பாகத்தை முன்வைத்து, வாசகர்கள் கருத்துச் சொல்லும் இணையதளம் ஒன்றில் இதை நான் நிரூபித்தேன். "எழுநூறு பக்கம் ஒரு படை ஆற்றங்கரையில் வெள்ளம் வடியக் காத்து நிற்கிறது. ஆசிரியரும் கூடவே நிற்கிறார். மன்னிக்கவும், எனக்கு பஸ் இருக்கிறது." ஒரு நட்சத்திரம். கல்லூரியில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். எங்கள் துறைத்தலைவரே ஒருநாள் கூட்டத்தின் நடுவில் எழுந்து "எனக்கு பஸ் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் கார் இருக்கிறது.

என் கருத்துக்குக் கீழே மற்றவர்கள் கிடந்தார்கள். அட்டையில் வாள் இருக்கிறது, உள்ளே ஒருவரும் அதை உருவவில்லை என்று ஒருவர் நியாயம் கேட்டிருந்தார். பொறுமையாகப் படியுங்கள், பலன் உண்டு என்று ஒருவர் மருந்துக் கடைக்காரர் மாதிரி எழுதியிருந்தார். எல்லாரையும் விட மோசம், கழுதைக்காக அழுதவர்கள். படையின் சமையல் பாத்திரங்களைச் சுமக்கிற சாம்பல் என்ற கோவேறு கழுதை, ஆற்றங்கரை அத்தியாயங்களில் ஒன்றில், ஈரத்தில் நின்று நின்று காய்ச்சல் கண்டு செத்துப்போகும். இரண்டு வரிதான். அதைத் தாங்கமுடியாமல் ஒரு கும்பல், கழுதை சாகாமல் தொடர்ந்து நடந்து வருகிற மாதிரி தாங்களே அத்தியாயங்கள் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் 'கழுதை ஆயுள் நீட்டிப்புச் சங்கம்' என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

அந்த நான்காம் பாகத்தை வாய்விட்டுப் படிக்கும்படி ஆனது அக்கா வீட்டுக்காரரால். மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பல் வரும்வரை அத்தனை உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து படிப்பார். நான்காம் பாகத்தின் பாதியில் ஒருநாள் வலது கண்ணில் கறுப்பாக ஒரு திரை கீழிறங்கியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். அறுவை செய்து, கண்ணுக்குள் வாயு அடைத்து அனுப்பினார்கள். அந்த வாயு மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும்; அதனால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். "அது சும்மா ஜோடிக்கு" என்பார். ஆக, இந்த ஒரு கண் ஒட்டினால் கூண்டு, இல்லாவிட்டால் தரை. அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு லீவு போட்டுத் தீர்த்துவிட்டாள். எனக்குத் தேர்வு முடிந்திருந்தது. "சும்மாதானே கெடக்கே, வந்து கெட" என்று கூப்பிட்டாள்.

மாமா குப்புறப் படுத்திருப்பார். இரண்டு தலையணைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் முகத்தைப் புதைத்து, கட்டிலின் விளிம்பில் தலை. நான் கீழே பாயில் உட்கார்ந்து படிப்பேன். என் தலைக்கு மேலிருந்து அவர் குரல் வரும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி.

"மாப்ளே, நீ இதைப் பத்தி ஏதோ எழுதினியாமே. உங்கக்கா சொன்னா."

"அது சும்மா, மாமா."

"வாசிடா. எனக்கும் பொழுது போகணும்ல."

வாசித்தேன். அவர் தோள் குலுங்கியது. தலையை ஆட்டக் கூடாதென்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. எனக்கு பஸ் இருக்கிறது…" சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "எங்கடா போனே அந்த பஸ்ல?"

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

படிப்பதில் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பதுதான் என் வழக்கம். மழை வந்தால் நாலு பக்கம் தாவுவது. உப்பு இருப்பைப் பற்றித் தளபதி பேசினால் எட்டு. ஒரு மத்தியானம் புழுக்கம் தாங்காமல் ஒரு முழு அத்தியாயத்தையே "அப்புறம் கொஞ்ச நாள் காத்திருந்தாங்க" என்று முடித்துவிட்டு, வெள்ளம் வடிந்த இடத்துக்குப் போய்விட்டேன். படை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"சாம்பலுக்குக் காய்ச்சல்னு சொன்னியே. என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியும். தாவிய பக்கங்களுக்குள் செத்துக் கிடந்தது. அதைச் சொல்ல, தாவினேன் என்று சொல்ல வேண்டும். திரும்பிப் போய் அந்த மழையெல்லாம் நனைய வேண்டும். பரிதாபம் ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம்தான்.

"சரியாப் போச்சு மாமா. கடந்து வந்திருச்சு."

"அப்படிப் போடு!" கட்டில் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எனக்குத் தெரியும்டா. பாத்திரம் சுமக்கிறதுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் ஆகாது."

அன்றைக்கு அக்கா வீடு திரும்பி செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி சொல்லியாகிவிட்டது. கூண்டில் அவர் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த பையன் போனில் நலம் விசாரித்தபோது, கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கழுதையைப் பற்றி ஒன்பது வார்த்தையும் பேசினார். சாப்பாட்டைக் கூட அன்று குப்புறக் கிடந்தபடியே முழுசாகச் சாப்பிட்டார். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அது நெஜமாவே பொழைச்சிருச்சாடா?" ஆமாம் என்றேன். "நல்லதாப் போச்சு" என்றாள், சோதனைச் சீட்டில் ஏதோ ஒரு எண் சரியாக வந்துவிட்ட மாதிரி. மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் அவர் கேட்ட முதல் கேள்வியே கழுதைக்குத் தீனி போட்டார்களா என்பதுதான்.

பிறகு பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கட்டுப் பிரித்த கண்ணால் மாமா சன்னலைக் காட்டி, அங்கே வெளிச்சம் இருக்கிறது என்றார். விரலைக் காட்டியபோது கை என்றார். எழுத்துப் பலகையைக் காட்டியபோது சுவர் என்றார். சில மாதம் கழித்து இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பும் வழியில் ஆட்டோவில் மூன்று பேரும் நேராக உட்கார்ந்திருந்தோம். இனி குப்புறப் படுக்க வேண்டாம் என்பதில் யாருக்கும் சந்தோஷமில்லை. பின்னால் துறைமுகத்தில் அவரைக் கிடங்குச் சாவிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கூண்டு அந்தப் பையனுக்கே நிலையாகிவிட்டது.

"நடுவுல என்னை வெச்சுக்கிட்டு இப்படிப் பொணம் மாதிரி வராதீங்க" என்று அந்த ஆட்டோவிலேயே சொன்னார் மாமா. "மாப்ளே, அஞ்சாம் பாகம் கெடைக்குமா?"

ஐந்தாம் பாகத்தில் கழுதை இல்லை. எப்படி இருக்கும்? முதல் அத்தியாயத்திலேயே சமையல்காரன் பாத்திரங்களைத் தன் முதுகில் சுமந்து வருகிறான். அந்த வரியின் முன்னால் நின்றேன். எதிரே நாற்காலியில் மாமா, இப்போது முகம் நிமிர்ந்து, என் குரல் வரும் திசைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே சொல்லியிருந்தால் ஒரு கழுதை செத்திருக்கும், அவ்வளவுதான். இன்று சொன்னால் எத்தனை போகும் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

"சமையல்காரனுக்குப் பின்னால, கயித்துல, சாம்பல் வந்தது" என்று படித்தேன்.

அதன்பிறகு எல்லா இடத்திலும் அது வந்தது. கூடாரத்துக்கு வெளியே நின்று இருமியது. வரம்பு மீறாமல், அத்தியாயத்துக்கு ஒரு தடவை. சரக்குத் தீர்ந்தபோது, அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, சங்கத்தார் எழுதி வைத்திருந்த அத்தியாயங்களைப் போய்ப் படித்தேன். எழுத்து படுமோசம். ஆனால் எல்லாவற்றிலும் அது உயிரோடு இருந்தது. என் ஒரு நட்சத்திரக் கருத்துக்குப் புதிதாகப் பலர் கைதட்டியிருந்தார்கள். திறந்து பார்க்கவில்லை.

இன்று படை ஒரு மலைப்பிளவுக்கு வந்தது. புத்தகத்தில் கயிற்றுப் பாலத்தின்மேல் ஒவ்வொருவராகக் கடந்துபோகிறார்கள். "சாம்பலும் மெதுவா பாலத்துல…" என்று ஆரம்பித்தேன்.

"பாலத்துல கழுதை ஏறாதுடா" என்றார் மாமா. "ஏறினாலும் பலகை தாங்காது."

பக்கத்தைப் பார்த்தேன். பக்கம் எனக்கு உதவவில்லை.

"அது… கயித்துல கட்டி கீழ எறக்குறாங்க மாமா. கீழ ஒரு பாதை இருக்கு."

"எங்கே கட்டுறாங்க?"

"வயித்துல."

"ஒரே கயிறா? வயிறு கிழிஞ்சுரும். ரெண்டு பட்டை போடச் சொல்லு. முன்னங்காலுக்குப் பின்னாடி ஒண்ணு, பின்னங்காலுக்கு முன்னாடி ஒண்ணு."

போடச் சொல்லு என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதையும் படிக்க முடியவில்லை.

"ரெண்டு பட்டை போட்டாங்க" என்று படித்தேன்.

"பதறி உதைக்கும். கண்ணைக் கட்டிரச் சொல்லு."

"கட்டிட்டாங்க."

நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த அவருடைய வலது கை, கூண்டிலிருக்கும் எதையோ பற்றுவதுபோல் மூடியது. மணிக்கட்டு மட்டும் மெல்லத் திரும்பியது. அறைக்குள் எங்கோ, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், நாலு காலும் தொங்க ஒரு கழுதை இறங்கிக்கொண்டிருந்தது.

"மேலேயிருந்து எனக்குத் தெரியாதுடா" என்றார். "தரை எவ்வளவு தூரம்? நீ பார்த்துச் சொல்லு."

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்து பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

அவர் கை இன்னும் கொஞ்சம் இறங்கியது.