எய்லியின் முன்சக்கரத்தில் என்ன டயர்?

சனிக்கிழமை மத்தியானம் பருப்புச் சூப்பு வைக்கலாம் என்று எய்லி அடுப்படிக்குள் வந்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு சைக்கிள் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசைமேல் இன்னொன்று படுத்திருந்தது. அதன்மேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் கணவன் டூகல் புது டயர் மாட்டிக்கொண்டிருந்தான். முள் குத்தினால் தானாக ஓட்டையை அடைத்துக்கொள்ள டயருக்குள் ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றுவார்கள். அது மேசை, தரை, நாற்காலி, போன வாரம் வாங்கிய துண்டு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சிந்தியிருந்தது.

"கராஜ்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கமே டூகல், அது எதுக்கு?"

"அங்க குளிருது எய்லி."

"எனக்கு இங்க சமைக்கணும்."

"ரெண்டே நிமிஷம்."

ஸ்காட்லாந்தில், எங்கள் ஊரான காலஷீல்ஸில் சைக்கிள்காரர்களின் ரெண்டு நிமிஷத்துக்குள் ஓர் ஆட்டை உரித்துச் சமைத்துச் சாப்பிட்டே முடித்துவிடலாம். எய்லி சக்கரத்தைத் தூக்கிக் கதவோரம் வைத்துவிட்டு, சேறு படிந்த தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். மேசையின் மறுமுனையில் டூகலின் சிநேகிதன் நீல், தானே போட்டுக்கொண்ட தேநீரோடு உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தான். அவன் தச்சு வேலை செய்பவன், காசு விஷயத்தில் கறார்.

"எழுபத்தஞ்சு பவுண்டாடா? ஒரு டயருக்கு? என் கார் டயரே அதவிடக் கம்மிடா!" என்றான் நீல். "ஓரத்துல மஞ்ச எழுத்துல பேரு போட்டிருக்கான் பாரு, அதுக்குத்தான் உன்கிட்ட காசு புடுங்கியிருக்கான்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நகத்தால அமுக்கிப் பாரு. எவ்வளவு மெத்துனு இருக்கு? மலைச் சரிவுல ஈர வேர்மேல போனா இது அப்படியே கவ்விப் புடிக்கும். உன் மலிவு டயரு கல்லு மாதிரி இருக்கும், வேரப் பாத்தாலே வழுக்கும்."

"மெத்துனு இருந்தா சீக்கிரம் தேஞ்சுரும்ல? மேட்டுல மிதிக்கும்போது வேற இழுக்கும்."

"இழுக்கட்டும். பின்சக்கரம் வழுக்குனா எப்படியோ சமாளிச்சுரலாம். முன்சக்கரம் போச்சுன்னா ஆளே போச்சு. பல்லு, தோள்பட்டை, வேலைக்குப் போகாத நாள், எல்லாத்தையும் சேத்துப் பாரு, இது மலிவு. நான் இன்ஷூரன்ஸ்ல வேலை பாக்குறவன்டா, எனக்கா தெரியாது?"

"சரி, தேஞ்சப்புறம்?"

"கழட்டி என் பின்சக்கரத்துல போடுவேன்."

"அதுவும் தேஞ்சா?"

"எய்லி வண்டிக்கு."

மழை பெய்தால் நனையும் என்பதைப் போலத்தான் அதைச் சொன்னான். நீலும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தான்.

அந்த வீட்டின் ஏற்பாடு இதுதான். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான் என்பதால் யாரும் இதை ஓர் ஏற்பாடு என்றுகூட நினைப்பதில்லை. இருவர் வண்டிக்கும் சக்கரம் ஒரே அளவு. புது டயர் டூகலின் முன்சக்கரத்துக்கு. அங்கே இருந்தது அவன் பின்சக்கரத்துக்கு. அங்கே தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன் எல்லாம் தேய்ந்து வழவழப்பாக ஆனது எய்லியின் முன்சக்கரத்துக்கு. அண்ணன் போட்டுக் கிழித்த சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி. சட்டை கிழிந்திருந்தால் யாரும் தலைகுப்புற விழுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

டூகல் கெட்டவன் இல்லை. துணி துவைப்பான், குப்பை போடுவான், மாமியார் பிறந்தநாளை மறக்க மாட்டான். எய்லியின் சங்கிலிக்கு எண்ணெய் போடுவதும் அவன்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவன் மூளை ஒருநாளும் வேலை செய்ததில்லை. அவன் மலையில் வேகமாக இறங்குகிறான், அதனால் நல்ல டயர் அவனுக்கு வேண்டும். அவள் மெதுவாக இறங்குகிறாள், அவளுக்கு எதற்கு? அவள் ஏன் மெதுவாக இறங்குகிறாள் என்று ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அதற்குப் பதிலாக உபதேசம் செய்தான். எய்லி கால்நடை மருத்துவர். வெறிபிடித்த காளையைக் கதவோரம் தள்ளி ஊசி போடுகிறவள். அவளிடம் போய், "உனக்குப் பயம் எய்லி, அதான் பிரச்சனை. பிரேக்கை விடு. வேரப் பாக்காத, தூரத்தப் பாரு" என்று மலையில் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டிருந்தான். அக்டோபரில் இன்னர்லீதன் மலையில், வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு வளைவில், அவன் சொன்னபடியே பிரேக்கை விட்டாள். முன்சக்கரம் வழுக்கி மணிக்கட்டில் விழுந்தாள். கிறிஸ்துமஸ் வரை கையைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். "கடைசி நொடியில பயந்துட்ட" என்றான் டூகல்.

அவளும் நம்பிவிட்டாள். பயத்தை வெல்லுவது எப்படி என்று புத்தகம் வாங்கிப் படித்தாள். மூச்சுப் பயிற்சிக்கு வேறு போய் வந்தாள். இதற்கெல்லாம் செலவழித்த காசில் நல்ல டயர் வாங்கியிருக்கலாமே என்று எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் 'பயந்தாங்கொள்ளி' என்று வீட்டில் தினமும் சொல்லும்போது, கோளாறு வேறெங்கோ இருக்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றும்?

கேரட்டை நறுக்கியபடியே எய்லி சொன்னாள். "நாளைக்குத்தான் நான் மலைக்குக் கடைசியா வர்றது. அப்புறம் வண்டிய வித்துரப் போறேன்."

டூகல் நிமிர்ந்தான். "என்ன சொல்ற? ஏன்?"

"அடுத்த மாசம் ஆடுங்க குட்டி போட ஆரம்பிச்சுரும். ராத்திரி பகல்னு கூப்புடுவாங்க. இந்தக் கை திரும்ப மடங்கிச்சுன்னா நான் எப்படிக் குட்டிய வெளிய எடுக்குறது? விட்டுர்றேன் டூகல். எனக்கு அந்த மலை புடிக்கும். உச்சியில நின்னா ஆறு வளைஞ்சு போறது தெரியுமே, அதப் பாக்குறதுக்கே வருவேன். ஆனா எனக்கு வரல. அவ்வளவுதான்."

நீல் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான். டூகலுக்கு நிஜமாகவே வருத்தம்தான். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சுற்றியதே அந்த மலையில்தான்.

"கொஞ்சம் தைரியம் வந்துருச்சுன்னா எல்லாம் சரியாயிரும் எய்லி" என்றான்.

அவள் சூப்பு மூடியை டம்மென்று மூடினாள்.

மறுநாள் காலை டூகல்தான் காரில் வண்டிகளை ஏற்றினான். முன்சக்கரங்களைக் கழற்றினால்தான் இரண்டும் உள்ளே நுழையும். கழற்றி, சுவரில் சாய்த்து, வண்டிகளைப் போர்வை சுற்றிப் படுக்கவைத்து, டயரின் பெருமையை நீலிடம் தொலைபேசியில் ஒரு பாட்டம் பாடிவிட்டுக் கிளம்பினான். இன்னர்லீதன் அடிவாரத்தில் வண்டிகளை உச்சிக்கு ஏற்றிப்போகும் வேன் உறுமிக்கொண்டு நின்றது. நீல் முன்பே வந்து இடம் பிடித்திருந்தான்.

டூகல் காரின் பின்கதவைத் திறந்தான். இரண்டு வண்டி, ஒரு முன்சக்கரம். போர்வையை உதறினான். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"எய்லி, சக்கரம் எங்க?"

"எது?"

"என்னோடது. புதுசு!"

"சுவத்துல சாச்சு வச்சியே?"

"ரெண்டையும்தான சாச்சேன்."

"அப்ப ஒண்ண எடுத்து வச்சிருக்க."

வேனுக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கம் அந்த மறதி வராத சைக்கிள்காரன் கிடையாது. ஆனால் அது அடுத்தவனுக்கு வரும்போது கிடைக்கிற சந்தோஷமே தனி.

"கிளம்பலாமா? நேரமாச்சு" என்று ஓட்டுநர் கத்தினார்.

டூகல் எய்லியின் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு எய்லியைப் பார்த்தான். "நீ எப்படியும் இன்னிக்கு மனசில்லாமத்தான வந்த... ஒரே ஒரு ரவுண்டு. இறங்கின உடனே குடுத்துர்றேன்."

கடைசியாக ஒரு தடவை மலை ஏற வந்தவளிடம், அந்தக் கடைசித் தடவைக்கான சக்கரத்தையும் கேட்கிறான்! எய்லிக்கு ஆத்திரம் பொங்கியது. "எடுத்துக்கோ. நல்லா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடிவாரத் தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்தாள். டூகல் சக்கரத்தை மாட்டி, காற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வேனில் தாவி ஏறினான்.

உச்சியில் வெயில். முதல் சரிவு காய்ந்த மண். டூகல் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினான். மரக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் நிழலும் ஈரமும் வந்தன. வேர் வளைவு வந்தது. அவன் வழக்கப்படி பிரேக்கைத் தொடாமல் வண்டியைச் சாய்த்தான். முன்சக்கரம் வேர்மேல் ஏறிய மறுகணம், யாரோ கீழேயிருந்து உருவிவிட்டதுபோல் அவன் காலடியிலிருந்து போய்விட்டது. முகம் சேற்றில் பதிந்தது.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டான் பின்னால் வந்த நீல்.

"ஒண்ணுமில்ல. கவனிக்கல."

அடுத்த வளைவில் கவனித்தான். கவனித்துக்கொண்டே விழுந்தான். இந்த முறை முழங்கை கல்லில் உரசித் தோல் வழன்றது. மூன்றாவது வளைவு வந்தபோது இரண்டு பிரேக்கையும் இறுக்கி, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கப் பயப்படும் மாடு மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தான்.

"பிரேக்கை விடுடா!" என்று கத்தினான் நீல். "வேரப் பாக்காத, தூரத்தப் பாரு! பயப்படாத!"

"வாய மூடுடா!" டூகல் அலறினான். "பயமாம் பயம்! வண்டி நிக்க மாட்டேங்குதுடா! நான் தூரத்தப் பாத்தா அது வேர விட்டுருமா?"

மீதி மலையை வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினான். அடிவாரத்துக்கு வந்து, வண்டியைப் புல்லில் போட்டான். எய்லி கடையிலிருந்து வெளியே வந்து, அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "மடக்கு. நீட்டு. எலும்பு உடையல" என்றாள்.

டூகலின் கோபம் அடங்கவில்லை. எய்லியின் முன்சக்கரத்தைக் காலால் எத்தினான். "என்ன டயரு இது! ஒரு பட்டன் மிச்சம் இல்ல, சுத்த மொட்டை! இதப் போட்டுக்கிட்டு அந்த வேர்ல எவன் இறங்குவான்? சாகணும்னு ஆசப்படுறவன்தான் இறங்குவான்!"

தான் சொன்னது தன் காதிலேயே விழ டூகலுக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

"ரெண்டு வருஷமா நான் இறங்குறேன்" என்றாள் எய்லி. "அத மாட்டிவிட்டதே நீதான். நீ விழுந்தா டயரு சரியில்ல. நான் விழுந்தா எனக்குப் பயமா?"

டூகல் காரின் பின்கதவு விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பிறகு புல்லில் கிடந்த சக்கரத்தைத் தூக்கி மடியில் வைத்து, தேய்ந்த டயரை விரலால் தடவினான். மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு அவள் தூக்கமில்லாமல் கிடந்த நாட்கள் அவனுக்கு இப்போதுதான் உறைத்தன.

"என்மேலதான் தப்பு எய்லி" என்றான். "உனக்கும் ஒண்ணு புதுசு வாங்கித் தர்றேன்."

"வாங்கித் தர நீ யாரு? நானும்தான் சம்பாதிக்கிறேன். குடுத்தத வாங்கிப் போட்டுக்கிட்டு, என்னையே திட்டிக்கிட்டு இருந்தது என் முட்டாள்தனம். இனி நல்ல டயரு முதல்ல என் வண்டிக்கு வரும். வண்டிய வித்துருவேன்னு நெனைக்காத."

நீல் அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். "அப்படிப் போடு எய்லி!" என்றான்.

எய்லி அவன் பக்கம் திரும்பினாள். "ஜேனட் ஏன் இப்பல்லாம் மலைக்கு வர்றதில்ல நீல்?"

"அவளா? அவளுக்குக் கொஞ்சம் பய..." என்று ஆரம்பித்த நீல் பாதியில் நிறுத்தினான். தன் மனைவியின் வண்டியில் என்ன டயர் இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மாட்டியவன் அவன்தான்.

"நேத்து ஒரு மணி நேரமா அந்த டயருக்கு அவ்வளவு காசு தகுமான்னு சண்ட போட்டீங்களே, தகும்" என்றாள் எய்லி. "விழாம வீடு வந்து சேர எவ்வளவு குடுத்தாலும் தகும். ஆனா அது வீட்டுல எல்லாருக்கும் தகும். பாதுகாப்ப உங்களுக்கு வாங்கி மாட்டிக்கிட்டு, எங்களுக்குத் தைரியத்த மட்டும் உபதேசம் பண்ணாதீங்க."