மூணு கோடு போட்ட கத்தரிக்கோல்

எங்க பட்டறையில துணி வெட்டுற கத்தரிக்கோல் செய்யறோம். பத்தொன்பது வருஷமா அதுல ஒரு வெளிநாட்டுப் பேரை அச்சடிச்சு விக்கிறோம். அந்தப் பேர் எந்த நாட்டுலயும் கிடையாது. என் வீட்டுக்காரர் குளிக்கும்போது யோசிச்ச பேர். உள்ளூர் சரக்குன்னா கடைக்காரன் கையில வாங்கிக்கூடப் பார்க்க மாட்டான்னு சொல்வார்.

சாணை பிடிச்சு வர்ற ஒவ்வொண்ணையும் நான்தான் ஈரத்துணியில வெட்டிப் பார்ப்பேன். நுனி வரைக்கும் கவ்வி வெட்டினா, ஸ்க்ரூவைக் கழட்டி உள்பக்கமா அரத்தால மூணு கோடு இழுத்துட்டு மறுபடி மாட்டுவேன். நாளைக்கு எவனாவது திருப்பிக் கொண்டுவந்தா நான் பார்த்து விட்டதா இல்லையான்னு தெரியணும்ல.

இப்ப நிஜ வெளிநாட்டுச் சரக்கே மலிவா வந்து இறங்கிடுச்சு. எங்க பொய்ச் சரக்கு தேங்கிப்போச்சு. பெரிய கடை ஒண்ணு உள்நாட்டுச் சாமானா தேடுதுன்னு கேள்விப்பட்டோம். அந்த ஆர்டர் கிடைக்கலன்னா அடுத்த மாசம் பட்டறைக்குப் பூட்டு. என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

விளம்பரக் கம்பெனியில இருக்கற கொழுந்தன் வந்தான். “அண்ணி, பிராண்டுன்னா ஒரு கதை வேணும்”னான். பழுப்பு அட்டைப்பெட்டி செஞ்சு, “நம் நாட்டில் செய்தது”ன்னு எழுதினான். பேர்தான் அமையல. அந்த இடத்துல ஒரு வெள்ளைக் கட்டம் விட்டுட்டுப் போய்ட்டான்.

அந்தப் பெரிய கடையிலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. பேர் போடாத புதுக் கத்தரியால துணியை வெட்டிப் பார்த்தாங்க. அப்புறம் கைப்பையிலேர்ந்து பழசு ஒண்ணை எடுத்தாங்க. எங்க குளியலறைப் பேர் போட்டது.

“எங்கம்மா பதினாறு வருஷமா இதுலதான் தைக்கறாங்க. ஃபாரின். உங்களுது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மாதிரி வராதுங்க.”

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த மனுஷன் தலையை ஆட்டிட்டே, “ஆமாம்மா, ஃபாரின் ஃபாரின்தான்”னார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பட்டறையே போனாலும் இவருக்குப் பொய் போகக் கூடாது. பழசை வாங்கி ஸ்க்ரூவைக் கழட்டினேன். மூணு கோடு. புதுசைக் கழட்டினேன். மூணு கோடு. ரெண்டையும் அந்தம்மா முன்னாடி வச்சு, “ரெண்டும் நான் போட்டது”ன்னேன்.

அவங்க ரெண்டுலயும் கோட்டை விரலால தடவிப் பார்த்தாங்க. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

“பதினாறு வருஷமா ஏமாத்தியிருக்கீங்க.”

“பேர்லதாம்மா. வெட்டுல இல்ல.”

அவங்க பழசை மாட்டச் சொல்லி வாங்கிப் பையில வச்சாங்க. “ஆர்டர் அனுப்பறேன். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெருவெல்லாம் ஃபாரின்னு பீத்தி வச்சிருக்காங்க.”

அவங்க போனதும் வீட்டுக்காரர் பழைய பேர் அச்சைக் கழட்டி இரும்புக் குப்பையில போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே, “அந்தக் கோட்டை இனிமே வெளியில போடு. பெட்டியில இருக்கற கட்டத்துலயும் அதுதான்”னார். பத்தொன்பது வருஷத்துல அவர் யோசிச்ச ரெண்டாவது பேர். இந்தத் தடவை குளிக்கல.

ஒரு கத்தரியை எடுத்து வெளிப்பக்கம் கோடு போட்டேன். அந்தப் பக்கம் போட்டுப் பழக்கமில்ல, மூணாவது கோணிக்கிச்சு. கோணலைக் கழிச்சுப் போடறதுதான் என் வேலை. அதை மட்டும் கழிக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.