வக்கீல் பிங்கமின் நெற்றி

மில்வாக்கி நகரத்தில் வக்கீல் ஹொரேஸ் பிங்கம் அனுப்பும் கடிதம் யாருக்குப் போனாலும், தபால்காரர் வருவதற்குள் பெறுபவர் உடம்பில் அடி விழுந்துவிடும். விழுந்த இடத்தில் கடிதத்தின் வாசகம் நீலமாகக் கன்றி நிற்கும். எழுதும் இயந்திரம் புதிதாக வந்த காலம் அது. அதில் பெரிய எழுத்து மட்டும்தான். எழுத்துக் கம்பிகள் காகிதத்துக்கு அடியிலிருந்து குத்தும். அடித்தது என்னவென்று சில வரிகள் ஏறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நகரத்திலேயே அதை இயக்கத் தெரிந்தவள் பிங்கமிடம் வேலை பார்த்த ஒட்டிலி ஒருத்திதான்.

தேவாலயக் கூரை வழக்கு பற்றிய கடிதத்தை முழங்கையில் வாங்கிக்கொண்ட பாதிரியார் லெம்கேவுக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. "கிரேக்கத்துல டூப்போஸ்னா அடி. அடி விட்டுட்டுப் போற தடத்துக்கும் அதே பேருதான். ஆணித் தழும்பைப் பாக்கணும்னு தோமா கேட்டானே, வேதத்துல அங்கயும் இந்தச் சொல்லுதான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் முழங்கையைக் காட்டினார். அதுவரை 'இயந்திரத்தில் எழுதுவது' என்று இழுத்துக்கொண்டிருந்த ஊர், அன்றிலிருந்து 'டைப்' என்று முடித்துக்கொண்டது. நம் தட்டச்சிலும் அந்தத் தட்டு இருக்கத்தான் செய்கிறது.

வம்பு வந்தது புத்தாண்டு வாழ்த்தில். பீர் ஆலை முதலாளி, வாழ்த்து விழுந்த தொப்பையைத் தடவிக்கொண்டே வந்து கத்திவிட்டுப் போனார்.

"அது என்னம்மா விரலா, உலக்கையா?" என்றார் பிங்கம்.

"குத்துறது மெஷின் சார். விரல் என்ன பண்ணும்?"

"வாய் வேறயா? உக்காரு. வேலையை விட்டு நிறுத்துற லெட்டர். அடி."

"யாருக்கு சார்?"

"உனக்குத்தான்!"

கையால் எழுதிக் கொடுத்தால் கௌரவம் போய்விடும் அவருக்கு. வேலை போனால் ஒட்டிலி அக்கா வீட்டுக்காரரின் சாஸேஜ் கடைக்குத் திரும்பிப் பன்றிக் குடல் கழுவ வேண்டும். அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவே அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் உட்கார்ந்தாள். பெறுநர் இடத்தில் பிங்கமின் பெயரை அடித்தாள். பின்னாலேயே நின்று கண்காணித்த பிங்கமுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே, சற்று அழுத்தியே அடித்தாள். முடிப்பதற்குள் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பிங்கம் கோர்ட்டில் முறையிட்டபோது நீதிபதி அந்த நெற்றியை நிதானமாகப் படித்தார்: இன்று முதல் தங்கள் சேவை தேவையில்லை, சாவியை வைத்துவிட்டுப் போகவும். "முறையாத்தானே இருக்கு, கிளம்புங்க" என்றார். பிங்கம் சாவியை ஒட்டிலியின் மேஜையில் வைத்தார். கையெழுத்துப் போட அவள் வேறொரு வக்கீலை அமர்த்திக்கொண்டாள்.

நெற்றியில் அப்படி எழுதியிருக்கிறவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? குளிர்காலம் முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் பிங்கம் ஒட்டிலியிடமே வந்து நின்றார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் அடித்தாள். அதை மட்டும் விரல் நுனியால், மெதுவாக. அன்று மத்தியானம் முழுக்க அந்த மனிதர் சாஸேஜ் கடையில் காரணமில்லாமல் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்த வாய் மூடுமுன் பிங்கம் போய் நின்றார். குடல் கழுவும் வேலை உடனே கிடைத்தது.