எண்ணெய் வைக்காத தலை

அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கப் போனபோதுதான் அந்தத் துணி மூட்டை காந்தாவின் கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். உள்ளே கைக்குழந்தைத் தொப்பிகள். வெள்ளைத் துணி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நீல நாடா.

அவள் பிள்ளைக்கு மாட்டியிருந்ததும் இதே தொப்பி. இதே நாடா.

“நோயல், இது எதுக்குடா?”

சாயப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்கூட உதவியாள் நோயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூளை எடுத்த பிள்ளைங்களுக்குக்கா. தையல் தெரிஞ்சா பெத்தவங்க கத்துவாங்கல்ல? போட்டு மூடிக் குடுத்துருவாங்க.”

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு விசிலடித்தான்.

இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியின் அந்த ஆராய்ச்சிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறாள் காந்தா. டாக்டர் சீனிவாசராகவன் மாணவர்களுக்குச் சொல்வதெல்லாம் அவள் காதிலும் விழும். பிறக்கும்போது மூளையில் பெரும்பாலான நரம்பிழைகள் வெறும் கம்பிதான். கரண்டுக் கம்பிக்கு ரப்பர் சுற்றுகிற மாதிரி, கொழுப்பு உறை மெல்ல மெல்லப் படியும். அதன் பிறகுதான் சேதி வேகமாக ஓடும். பார்க்கிற பாதைக்குச் சில மாதங்களில் உறை ஏறிவிடும்; யோசிக்கிற முன்மூளைக்கு வருஷக்கணக்காகும். சாயம் போட்டால் உறை ஏறிய இடம் மட்டும் கருநீலமாகும். செத்த பிள்ளைகள்தான் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்பார் டாக்டர். எந்தப் பிள்ளைகள் என்று அவள் கேட்டதில்லை.

அவளுடைய அசோகன் நாலு மாதத்தில், இதே ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் போனான். அவனைத் துணி சுற்றி அவள் மடியில் வைத்தவள் வார்டு ஆயா அல்போன்சா. மர்பி டவுனில் அடுத்த வீட்டுக்காரி. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டித்தான் புதைப்பது காந்தா வீட்டு வழக்கம்.

“நானே எண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டிட்டேன். தொப்பியக் கழட்டாதே, பாத்தா உன் மனசு தாங்காது” என்றாள் அல்போன்சா. கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள் காந்தா. தொப்பியோடே கல்பள்ளி இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள். பிறகு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அல்போன்சாதான்.

மத்தியானம் புங்கமரத்தடியில் அல்போன்சா வழக்கம்போல இரண்டு பேருக்கும் மீன்குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வாடி, ஆறிடும். மகாராணிக்கு யாரு மேல கோவம்?”

காந்தா தொப்பியை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

“என் பிள்ளைக்கு எண்ணெய் வெச்சேன்னியேக்கா. எங்க வெச்ச?”

அல்போன்சா தொப்பியைச் சுருட்டி முந்தானைக்குள் மறைத்தாள்.

“மூளைய எடுக்கலாமான்னு டாக்டரு உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு, காந்தா. நீ புரண்டு புரண்டு அழுதுட்டிருந்த. எப்படிக் கேக்கறது? தாய் ஒத்துக்கிட்டான்னு நான்தான் சொல்லிட்டேன்.”

“அப்ப இந்த வேலை?”

“மனசு கேக்கலடி. அதான்.”

“மனசு கேக்கலன்னு, என் பிள்ளை இருக்கிற ரூமையே என்னைப் பெருக்க வெச்சியா?”

அல்போன்சா நீட்டிய கையைத் தட்டிவிட்டு நடந்தாள் காந்தா.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். நாலு மாதப் பிள்ளை என்று அவர் வகுப்பில் காட்டுவது மூளைச் சீவல் ஒட்டிய ஒரே ஒரு கண்ணாடித் துண்டுதான்.

“ஐயா, அந்த நாலு மாசக் கண்ணாடிய நான் பாக்கணும்.”

ஆச்சரியப்பட்டாலும் அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளிறிய மஞ்சளில், பின்பக்கம் ஒரு கருநீலக் கோடு.

“இதுதான் பார்க்கற பாதை. உறை ஏறியாச்சு. முன்னாடி வெளுப்பா இருக்கு பார், அங்கே இன்னும் ஆரம்பிக்கலை.”

“அம்மா மூஞ்சி தெரிஞ்சிருக்குமாய்யா?”

“நன்னாத் தெரிஞ்சிருக்கும். பார்த்துச் சிரிச்சிருக்கும். ஏன் கேக்கறே?”

“சிரிச்சான்யா” என்றாள் காந்தா.

டாக்டர் கண்ணாடித் துண்டைக் கீழே இறக்கினார். “நீ சம்மதிச்சேன்னு அல்போன்சா சொன்னாளே…”

“என்னை யாருமே கேக்கலய்யா.” உள்ளங்கையை விரித்து நீட்டினாள். “அத இப்படிக் குடுங்க. எம்பிள்ளைக்கு இன்னும் எண்ணெய் வெக்கல.”