சிவனாண்டி வீட்டு இரண்டாவது பிள்ளை

சங்கரன்கோவில் தறிக்காரர் தெரு சிவனாண்டியின் இரண்டாவது பிள்ளை பிறக்கவே இல்லை. ஆனாலும் 1977-ஆம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் அது நடக்கத் தொடங்கியது. முதல் நாள் அடுப்படியிலிருந்து தறி நிற்கிற கொட்டகையை நோக்கி எட்டு எட்டு வைத்தது. அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் பாதம் பதிந்திருந்ததை அவர் பெண்டாட்டி முருகம்மாள் குனிந்து எண்ணிப் பார்த்தாள். எட்டாவது எட்டில் விழுந்திருக்க வேண்டும், அந்த இடத்தில் இரண்டு உள்ளங்கைகளும் தெரிந்தன. அழுகைச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை விழுந்தால் எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பிள்ளையைத் தள்ளிவிட்ட தரையைக் கையால் மூன்று அடி அடித்துத் திட்டினாள், பிறகு எழுந்து உலையில் அரிசி போட்டாள். அந்த வாரம் வத்தல் விலை ஏறியிருந்தது, இளையரசனேந்தல் பக்கம் சொட்டு மழை இல்லை. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டுமானால், முருகம்மாளின் வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். தறிக்காரர் தெருவில் வெளியாள் வந்து கேட்டால் எந்தத் தாயும் பிள்ளைக் கணக்கைச் சரியாகச் சொல்லமாட்டாள், கண் பட்டுவிடும். நாலு பெற்றவள் மூன்று என்பாள். ஒன்றே ஒன்றை வைத்திருப்பவள் இரண்டு என்பாள், வருகிற கண் இல்லாத பிள்ளைமேல் போய் விழட்டும் என்று. முருகம்மாளுக்கு இரண்டு கரு கலைந்தபின் தங்கியவள் முத்துத்தாய் ஒருத்திதான், அப்போது ஐந்து வயது. 1976 வைகாசியில் ஒரு அம்மாள் தோளில் பையும் கையில் நோட்டுமாக வந்து எத்தனை பிள்ளை என்று கேட்டபோது, முருகம்மாள் யோசிக்காமல் "ரெண்டு" என்றாள். சின்னது எங்கே என்றதற்கு, கைப்பிள்ளை, அம்மா வீட்டில் இருக்கிறது என்றாள். வந்தவள் வெயிலில் களைத்திருந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்காமல், பார்க்க நிறைவாக இருக்கட்டும் என்றோ என்னவோ, பெண் ஒன்று ஆண் ஒன்று என்று தானே எழுதிக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அது எமர்ஜென்சி காலம். ரெண்டு பெற்றவர்களைத் தேடிப் பன்னிரண்டாம் நாள் ஜீப் வந்தது. சிவனாண்டியையும் இன்னும் பத்துப் பேரையும் ஓடுகிற தறியிலிருந்து இறக்கி ஏற்றினார்கள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்யா" என்று சிவனாண்டி கத்தினார். வந்தவர்கள் சிரித்தார்கள். ரெண்டு பெற்றவன் எவனும் இப்படித்தான் சொல்லுதான், நோட்டில் உன் பெண்டாட்டி சொன்னது இருக்கு என்றார்கள். சாயங்காலம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்து, காலை அகட்டி அகட்டி நடந்து அவர் திரும்பியபோது கையில் அதற்குக் கொடுத்த ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதை முற்றத்தில் வைத்துவிட்டு மூன்று மாதம் முருகம்மாளோடு பேசவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய், பிறக்க வேண்டிய பிள்ளைகளை எல்லாம் தின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்த வாளியில் அவள் ஒரு நாளும் தண்ணீர் பிடிக்கவில்லை.

அதனால் பிள்ளை நடக்க ஆரம்பித்தபோது அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை. சொல்லி வரவழைத்த பிள்ளை, வந்துவிட்டது, அவ்வளவுதான். சோறு வைத்தால் தட்டின் ஓரத்தில் ஒரு கவளம் குறைந்தது. நிலைக்கதவில் எண்ணெய்க் கை பட்ட கறை வருஷத்துக்கு இரண்டு விரற்கடை மேலே ஏறியது. சிவனாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல ஆயிற்று. நோட்டில் ஆண் என்று எழுதியிருந்ததை அவர் மறக்கவில்லை. காசி என்று பெயர் வைத்தார். தீபாவளிக்குத் தீபாவளி சட்டையும் டவுசரும் எடுத்தார். "எனக்குக் கொள்ளி வைக்க ஆளிருக்கு வே" என்று டீக்கடையில் சொன்னார். சட்டைகள் மடித்தது மடித்தபடியே பெட்டியில் கிடந்ததையும், முத்துத்தாயின் பழைய பாவாடைகள் கொடியில் தாமாக நைந்துகொண்டிருந்ததையும், சீப்பில் நீள நீளமாக முடி சிக்கியதையும் முருகம்மாள் பார்த்தாள். எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு முறை சொல்லிப் பட்டது போதாதா! ஆனால் தலை வாரும் நேரத்தில், தன் முழங்காலில் ஏதோ ஒரு பாரம் சாயும்போது, அதன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்கமாட்டோமா என்று அவள் சீப்பை நிறுத்திக் குனிந்து பார்ப்பாள்.

தெருவும் மாறிக்கொண்டுதான் வந்தது. முன்பெல்லாம் வருஷத்துக்குப் பத்துத் தொட்டில் கட்டுகிற தெருவில், ஜீப் வந்துபோன ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள்தான் பிறந்தன. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கச் சின்னக் கைகள் இல்லாமல் தறிகள் பாதி நாள் நின்றன. சிவனாண்டியின் தறிகள் மட்டும் நிற்கவில்லை. விடியும்போது கூடையில் நூல் சுற்றிய தார் நிறைந்திருக்கும். நூல் அறுந்த இடத்தில் முடிச்சு அவ்வளவு சிறிதாக இருக்கும். 1980-இல் ஒரு நாள் டீக்கடை செல்லச்சாமி பேப்பரைப் பார்த்து, சீனாவில் இனி வீட்டுக்கு ஒரு பிள்ளைதானாம் என்று வாசித்தார். "அப்போ அங்கன பாதித் தெருவுல காலடிதான் நடக்கும். பெத்தவுக கிழடாகும்போது கஞ்சி ஊத்த யாரு இருக்கா?" என்றார் சிவனாண்டி. சர்க்கரை போதுமா அண்ணாச்சி என்று கேட்டார் செல்லச்சாமி.

மறுவருஷம் மாசியில் பெத்துராஜ் வாத்தியார் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தார். முருகம்மாள் கடைக்குப் போயிருந்தாள். நோட்டைக் கண்டதும் சிவனாண்டிக்குப் பழைய ஜீப் கண்ணில் வந்தது. "ஒண்ணுதான் சார், பொம்பளப் பிள்ள" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் தட்டில் சோறு குறையவில்லை. மறுநாள் கூடையில் தார் இல்லை. நிலைக்கதவுக் கறை, யாரோ துடைத்த மாதிரி, கீழிருந்து மங்கிக்கொண்டே வந்தது. முருகம்மாள் கோவிலிலிருந்து பிணி தீர்க்கும் புற்றுமண் வாங்கி வந்து தண்ணீரில் குழைத்துத் தலையணையில் வைத்தாள். நெற்றி பட்ட தடம் விழுந்தது, ஆனால் நாளுக்கு நாள் மெலிந்தது. மூன்றாம் நாள் அவள் தலையை முடியாமல்கூடப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். "சார், எம்பிள்ள போகுது. ரெண்டுன்னு எழுதுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வகுப்பு வாசலில் நின்று அழுதாள். வாத்தியாருக்கும் அதே தெருதான். இரண்டு என்று திருத்தினார். ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். அவர் எதையோ எழுதி மூடினார். மறுநாள் காலை கூடையில் மூன்றே மூன்று தார் இருந்தது. இல்லை என்று பெற்றவர் வாயால் சொன்னால் அந்தப் பிள்ளை நிற்காது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

1989 தை மாதம் முத்துத்தாயைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். வீடு வெறிச்சென்று ஆயிற்று. சிவனாண்டிக்குப் பஞ்சுத்தூசியால் இருமல் வந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு காசி காசி என்று நாளெல்லாம் அழைப்பார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயருக்கு ஒரு சின்ன அசைவுகூட வந்ததில்லை, அதை அவர் ஒத்துக்கொண்டதும் இல்லை. ஆவணியில் ஒரு நாள் காலை முருகம்மாள் கொல்லையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். "நம்ம பிள்ள ஆளாயிட்டா" என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, கசங்காத பன்னிரண்டு சட்டைகளையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினார். வாய் திறக்கப் போனார். முருகம்மாள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். கட்டின நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. "ஆம்பளப் பிள்ள இல்லன்னு அழணும்னா அழுங்க. பிள்ளையே இல்லன்னு மட்டும் சொல்லிராதிய. இன்னொரு தடவ போனா வரமாட்டா" என்றாள். அவர் கொட்டகைக்குள் போய் நின்ற தறிமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். மூன்று நாள் இருமல் சத்தம் மட்டும் வந்தது.

தாய்மாமன் சங்கரபாண்டியன் இளையரசனேந்தலிலிருந்து பச்சை ஓலையும் தாவணியும் கொண்டு வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஆளான பிள்ளை தனியாக இருக்க முற்றத்து மூலையில் குச்சில் கட்டிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றும் நாளில் தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அண்டா போதாமல் யாரோ அந்தப் பச்சை வாளியைத் தூசி தட்டி எடுத்து மஞ்சள் தண்ணீர் கரைத்துவிட்டார்கள். முருகம்மாள் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மணையைப் போட்டு மாமன் பெண்டாட்டி முதல் செம்பு ஊற்றினாள். தண்ணீர் நேரே வெறும் மணையில் விழுந்து தெறித்தது. இரண்டாவது செம்பும் அப்படியே விழுந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது கொட்டகைக் கதவு திறந்தது. பெற்ற தகப்பன் அந்த இடத்துக்கு வருகிற வழக்கமில்லை, ஆனாலும் பெண்கள் விலகி வழி விட்டார்கள். சிவனாண்டி வாளியைப் பார்த்தார், மணையைப் பார்த்தார். மாமன் பெண்டாட்டி கையிலிருந்த செம்பை வாங்கி அந்த வாளிக்குள் முக்கினார். "ஏட்டி முப்பிடாதி" என்றார். "எங்கம்மா பேரு அது. ஒனக்குத்தான் வச்சிருந்தேன் போல. அப்பனுக்குக் கண்ணு தெரியாமப் போச்சு மக்கா. வந்து உக்காரு." தண்ணீரைச் சாய்த்தார். அது மணைவரை போகவில்லை. இரண்டு முழ உயரத்தில் நின்று, பிரிந்து, இரண்டு தோள்களாக இறங்கி, மடியில் தேங்கி வழிந்தது. மஞ்சள் நீர் ஓடிய இடமெல்லாம் ஒரு முகம் வந்தது. முருகம்மாள் அதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். அவளுடைய நெற்றி, அவருடைய மூக்கு. நீர் வடிந்ததும் முகமும் வடிந்து போயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். சாப்பாடு ஆயிற்றா, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்றார் சங்கரபாண்டியன்.

மறுநாள் விடியும்போது கூடை நிறையத் தார் இருந்தது. சட்டைகளை வெட்டித் தறி துடைக்க வைத்துக்கொண்டார்கள். கார்த்திகையில் ஓட்டர் லிஸ்டு பார்க்க ஒரு வெளியூர் ஆள் வந்து, பேச்சுவாக்கில் எத்தனை பிள்ளைகள் பெரியவரே என்று கேட்டான். "ரெண்டு. ரெண்டும் பொம்பளப் பிள்ளைய. மூத்தவ சிவகிரியில இருக்கா, சின்னவ உள்ள தார் சுத்துதா" என்றார் சிவனாண்டி. அவன் போனபின் தெருப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியாளிடம் யாராவது இப்படிச் சரியான கணக்கைச் சொல்லுவார்களா, பிள்ளைக்குக் கண் பட்டுவிடாதா என்று திட்டினார்கள். அன்று சாயங்காலம் முருகம்மாள் உப்பும் வத்தலும் எடுத்து இளையவளுக்குச் சுற்றிப் போட்டாள்.